மூலநிரல் கேட்க யாருக்கு உரிமை?

கட்டற்ற மென்பொருள் பற்றி நம்மூரில் யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே கேள்விதான் வருகிறது: ஓசியில் கொடுத்துவிட்டு அப்புறம் எதற்குக் கேஸ்? கடைக்காரர்களும் கேட்கிறார்கள், பொறியியல் படிக்கிற பையன்களும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால் காசு வாங்காமல் கொடுப்பது வேறு, நிபந்தனை இல்லாமல் கொடுப்பது வேறு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆற்றை யாரும் விலைக்கு வாங்கவில்லை. அதற்காக மேல்மடைக்காரர் மடையை அடைத்துக்கொண்டு கடைமடையைக் காயவிட முடியாது. லினக்ஸ் வருகிற ஜி.பி.எல். என்ற உரிமம் சொல்வதும் அதேதான். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். உனக்குக் கிடைத்த மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், உன்னிடம் வாங்குகிறவருக்கும் போய்ச் சேரட்டும்.

அடைத்துவிட்டால்? வயலில் என்றால் கடைமடைக்காரர் மண்வெட்டியோடு போய் நின்றுவிடுவார். மென்பொருளில் கடைசியில் இருப்பவர் வாடிக்கையாளர். அவர் போய் நின்றால் "நீ யார்?" என்று சட்டம் கேட்கிறது. கொஞ்ச காலமாக என் மண்டையைக் குடைகிற விஷயம் இது.

நான் வண்ணார்பேட்டையில் நெட்வொர்க், சிசிடிவி வேலை செய்கிறவன். ஜவுளிக்கடை, அரிசி ஆலை, கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்தில் கேமரா மாட்டிக் கொடுத்துப் பராமரிக்கிறேன். ஒரு அரிசி ஆலையில் மாட்டிய, கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் என்விஆர் பெட்டியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. நாம் எத்தனை கடவுச்சொல் மாற்றினாலும், தொழிற்சாலையில் வைத்த டெல்நெட் கணக்கு (வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பெட்டிக்குள் நுழைகிற வழி) ஒன்று உள்ளே திறந்தே கிடந்தது. அந்தக் கடவுச்சொல் இணையத்தில் எல்லாருக்கும் தெரியும். விற்ற நிறுவனத்தைக் கேட்டால், அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புது மாடல் வாங்குங்கள் என்றார்கள். ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

மூடியைக் கழற்றினால் பலகையின் ஓரத்தில் வரிசையாக நான்கு ஓட்டைகள் இருந்தன. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டாம்; மற்றவர்களுக்கு: பெட்டியோடு ஒயர் மூலம் நேராகப் பேசும் சீரியல் இணைப்பு. முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் யுஎஸ்பி சீரியல் மாற்றியை எடுத்து மூன்று ஒயரைச் சேர்த்து, வேகத்தை 115200 என்று வைத்துப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. முதலில் பெட்டியை எழுப்பும் யு-பூட், அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், அதுவும் பழையது, கடைசியில் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸ். மூன்றுமே ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் வந்தவை. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. திறந்தால் வாரண்டி போய்விடும் என்கிற ஸ்டிக்கர் மட்டும் இருந்தது.

1991-ல் வந்த அந்த உரிமத்தின் 3-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. நிரலை இயங்கும் வடிவில் விற்கிறவர் மூலநிரலையும் கூடவே கொடுக்க வேண்டும்; இல்லையென்றால், யார் கேட்டாலும் தருவேன் என்று குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். மூலநிரல் என்றால் வெறும் கோப்புகள் மட்டும் போதாது, அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளும் சேர்த்தி. 4-ஆவது பிரிவு இன்னும் கறார்: நிபந்தனையை மீறினால் உரிமம் அந்த நிமிஷமே ரத்து.

இதையெல்லாம் எடுத்தெழுதி நிறுவனத்துக்குப் பதிவுத்தபால் அனுப்பினேன். நாங்கள் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் தொழில்நுட்ப விவரம் தருவோம் என்று பதில் வந்தது. கடிதத்தை அவர்கள் கடைசிவரை படித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் சீனாவில் செய்து, இங்கே லேபிள் ஒட்டி விற்பவை. லேபிள் ஒட்டியவரிடம் மூலநிரல் இருக்காது. இல்லாததை எப்படித் தருவார்? ஆனால் சட்டத்தின் கண்ணில் விற்கிறவரும் விநியோகிப்பவர்தான்.

பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்றத்தில் பழக்கமான வக்கீல் அண்ணாச்சி ஒருவர் உண்டு. நிலத் தகராறும் செக் மோசடியும்தான் அவருக்கு அன்றாடச் சோறு. இருந்தாலும் ஜி.பி.எல். உரிமத்தை வரி வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எழுதுனது யாருடே? நீயா?"

"இல்ல அண்ணாச்சி. உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர்."

"அதுல உனக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் உண்டா?"

"இல்ல."

"அப்ப நீ யாரு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பணம் கொடுத்துப் பெட்டியை வாங்கியவன் என்றேன். அது விற்றவனுக்கும் உனக்கும் உள்ள ஒப்பந்தம், அதில் மூலநிரல் பற்றிப் பேச்சே இல்லையே என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பெட்டியை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம், கம்பெனிக்காரன் நிரலைக் கொடுக்கும்படி செய்வது கஷ்டம் என்பது அவர் கணிப்பு.

விஷயம் இதுதான். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. வெளிநாட்டவர் எழுதிய நிரலுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. மீறினால் 55-ஆவது பிரிவின்படி தடையாணை, நஷ்டஈடு, லாபக் கணக்கு எல்லாம் கேட்கலாம். கேட்கிறவர் பதிப்புரிமைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் என்ற வழியில் போகலாம் என்றால், ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை வைத்து வழக்குப் போட முடியாது என்பது இங்கே பொது விதி. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி தரப்பாக இருந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே அதை உறுதிசெய்தது. அறக்கட்டளை, குடும்ப ஏற்பாடு மாதிரி சில விதிவிலக்குகள் இருக்கின்றன. என்விஆர் பெட்டி வாங்கியவன் அதில் எதிலும் வரமாட்டான்.

சொந்தக்காரர் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனிதான் நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஹரால்டு வெல்டே ஒருவர். ரவுட்டர்களில் தன் நிரல் ஓடுவதையும், மூலநிரல் வராமல் இருப்பதையும் பார்த்து சிட்காம் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். மியூனிக் மாவட்ட நீதிமன்றம் 2004 மே மாதம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜி.பி.எல்.-ஐ ஒரு நீதிமன்றம் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது அங்கேதான். அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். உரிமம் செல்லாது என்று பிரதிவாதி வாதிட்டால் சரி, செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த நிரலைப் பிரதியெடுக்க உனக்கு வேறு என்ன அனுமதி இருக்கிறது? உரிமம் செல்லும் என்றாலும் தோல்வி, செல்லாது என்றாலும் தோல்வி. தப்பிக்க வழியே இல்லாத வாதம்.

அமெரிக்காவில் இதே கேள்வி பொம்மை ரயிலில் வந்து நின்றது. மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் நிரல் ஒன்றை ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் மற்றவர்களும் எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். கேட்சர் என்பவர் அதிலிருந்து கோப்புகளை எடுத்து, எழுதியவர் பெயரை விட்டுவிட்டுத் தன் விற்பனைப் பொருளில் சேர்த்தார். இது ஒப்பந்த மீறல் மட்டும்தான், பதிப்புரிமை மீறல் இல்லை என்று கீழ் நீதிமன்றம் நினைத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர் போடு, மாற்றங்களைக் குறிப்பிடு என்பதெல்லாம் அனுமதிக்கான நிபந்தனைகள். நிபந்தனை இல்லையென்றால் அனுமதியும் இல்லை. காசுக்கு விற்காவிட்டாலும் எழுதியவருக்கு அதில் நலன் உண்டு என்றும் சொன்னது. "ஓசிக்கு எதற்குக் கேஸ்" என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இந்தத் தீர்ப்பு. பிரான்ஸிலும் இதே ஒப்பந்தமா பதிப்புரிமையா என்ற இழுபறிதான். ஆந்த்ர் உவெர் என்ற சிறிய நிறுவனம் ஆரஞ்ச் என்ற தொலைபேசிப் பெருநிறுவனத்தோடு பத்து வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. 2024-ல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் லட்சக்கணக்கான யூரோ கொடுக்கச் சொன்னது.

ஆனால் பணம் கிடைத்த வழக்குகளை விட நிரல் கிடைத்த தகராறுகள்தான் என்னைப் போன்றவனுக்குப் பிரயோஜனம். 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலக் கறுப்பு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியிருந்தது. கடைசியில் மூலநிரல் வெளியே வந்தது. அதை அடியாக வைத்து எழுந்ததுதான் ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள். இன்று என் கடையில் இருக்கும் ரவுட்டரிலும், நான் பராமரிக்கும் பல இடங்களிலும் ஓடுவது அதுதான். தயாரித்த கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆலையின் என்விஆருக்கு நான் ஆசைப்பட்டதும் இவ்வளவுதான்.

சொந்தக்காரர் என்று நிரூபிப்பதும் சாதாரண விஷயமில்லை. லினக்ஸ் கர்னலில் பெரும் பங்களித்த கிறிஸ்டோஃப் ஹெல்விக் விஎம்வேர் நிறுவனத்தின் மேல் 2015-ல் ஹாம்பர்க்கில் வழக்குப் போட்டார். எந்தெந்த வரி உன்னுடையது, அதில் எது அவர்கள் பொருளில் இருக்கிறது என்று போதுமான அளவு காட்டவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அடுத்த ஆண்டு தள்ளிவிட்டது. 2019-ல் மேல்முறையீடும் தோற்றது. ஆயிரம் கைகள் பட்ட நிரலில் ஒருவர் தன் பங்கைப் பிரித்துக் காட்டுவது கூட்டுப் பட்டாவில் எல்லைக்கல் தேடுகிற வேலை என்றார் அண்ணாச்சி. அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்.

உரிமை இருப்பவர் எல்லாரும் நல்ல நோக்கத்தோடு வருவார்கள் என்றும் இல்லை. நெட்ஃபில்டர் குழுவிலேயே முக்கியமாக இருந்த ஒருவர் ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, மறுபடி மீறினால் அபராதம் என்று கையெழுத்து வாங்கி, அப்புறம் அதே நிறுவனத்தில் வேறு மீறலைக் கண்டுபிடித்துப் பணம் வசூலித்தார். சொந்தக் குழுவே 2016-ல் அவரை விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கர்னல் நிரலாளர்கள் பலர் சேர்ந்து, மீறியவர் திருத்திக்கொள்ள அவகாசம் தருவோம் என்று பொதுவாக அறிவித்தார்கள். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில் 2007-லேயே இருக்கும் ஏற்பாடு அது: முதல் முறை மீறியவர் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பி வந்துவிடும். சண்டையின் நோக்கம் மூலநிரல் என்றால் இந்த 30 நாள்தான் சரியான ஆயுதம் என்பேன். பணம்தான் நோக்கம் என்றால் இது பிடிக்காது.

இந்த 30 நாள் எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மூரிலேயே பார்த்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு நண்பர், பள்ளிக்கூடத் தமிழாசிரியர். ராத்திரியில் உட்கார்ந்து நிரல் எழுதுவார். ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர், ஆட்பெயர் பட்டியலோடு ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி செய்து ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் கீழ் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டிருந்தார். ஒரு நாள் மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஏதோ ஒரு தமிழ் எழுது செயலியைக் காட்டி, "சார், இதுல தாமிரபரணின்னு அடிச்சா தப்புன்னு சிவப்புக் கோடு போடுது" என்றான். நண்பருக்குச் சுருக்கென்றது. தன் பட்டியலின் பழைய பதிப்பில் கைதவறித் "தாமிரபரனி" என்று இரண்டு சுழி ன போட்டிருந்ததும், வெகுநாள் கழித்துத்தான் அதைத் திருத்தியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தச் செயலியில் இரண்டு சுழி போட்டு அடித்தார். கோடு விழவில்லை. தாமிரபரணிக்கரையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தப்பாக எழுதிய ஆசிரியருக்கு அதுவே சாட்சியாக வந்து நின்றது.

அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்துவிட்டார். ஆண்ட்ராய்டு செயலி என்பது உள்ளே ஒரு ஜிப் கோப்புதான், பிரித்தோம். பட்டியல் அதே வரிசையில் இருந்தது. விகுதிகளைப் பிரிக்கும் நிரல் பகுதியில் அவர் வைத்த பிழைச் செய்திகள்கூட அப்படியே இருந்தன. கோப்பின் தலையில் இருந்த அவர் பெயரும் உரிமக் குறிப்பும் மட்டும் காணோம்.

இந்த முறை அண்ணாச்சி கேட்ட அதே கேள்விக்குப் பதில் இருந்தது. "எழுதுனது யாரு?" "நான்தான் சார்." அதன்பிறகு அவர் முகமே வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவைக் காட்டினார். பதிப்புரிமை வழக்கில் சொந்தக்காரர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். செயலி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் பாளையங்கோட்டைக்கு வர வேண்டும். மற்ற சிவில் வழக்குகளில் எதிராளி இருக்கும் ஊருக்கோ, தகராறு நடந்த ஊருக்கோ நாம்தான் அலைய வேண்டியிருக்கும். இது சின்ன ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை. நம் பையன்களில் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். கோரிக்கையின் மதிப்பை 3 லட்சத்துக்குக் குறையாமல் வைத்தால் வணிக நீதிமன்ற நடைமுறை வரும். அவசரத் தடையாணை கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பெயரை அழித்ததற்கு அதே சட்டத்தில் தனியாக 65பி பிரிவு இருக்கிறது: உரிமை விவரங்களைத் தெரிந்தே நீக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். வக்கீல்களிடம் 65பி என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். பழைய சாட்சியச் சட்டத்திலும் ஒரு 65பி உண்டு, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது. அண்ணாச்சி முதலில் அதைத்தான் நினைத்தார். 2024 ஜூலையிலிருந்து அந்த வேலையைப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு பார்க்கிறது, சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை மாதிரி) எழுத வேண்டும். எனவே நாங்கள் செயலியைப் புதிதாக இறக்கி, தேதி தெரியும்படி வைத்து, ஹாஷ் எடுத்து எழுதிக்கொண்டோம். இதைச் செய்யாமல் நோட்டீஸ் விட்டால், எதிராளி அன்று ராத்திரியே புதுப் பதிப்பு விட்டுவிடுவார். அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது.

அண்ணாச்சியின் ஜூனியர் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்றார். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது என்பது உண்மைதான். நண்பர் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எவனோ ஒரு சின்னப் பையன், கெடு நெருக்கத்தில் எடுத்துப் போட்டிருப்பான். அவன் ஸ்டேஷன் வாசலில் நிற்பதால் ஒரு வரி நிரல்கூட வெளியே வராது.

நோட்டீஸ் இரண்டே பக்கம். என்ன எடுத்தீர்கள், உரிமம் என்ன சொல்கிறது, 30 நாளுக்குள் பெயரைப் போட்டு மூலநிரலை வெளியிட்டால் விஷயம் முடிந்தது. கெடு முடியுமுன் செயலியின் மூலநிரல் முழுசாக வெளியே வந்தது, நண்பர் பெயரோடு. அதில் அவர்கள் செய்திருந்த சில நல்ல திருத்தங்களும் இருந்தன. நண்பர் அவற்றை எடுத்துத் தன் நிரலில் சேர்த்துக்கொண்டார். ஆறும் சரியான எழுத்துக்கு வந்தது.

அதாவது, எழுதியவர் சேரன்மகாதேவியில் இருந்தால் இரண்டு பக்க நோட்டீஸ் போதும். எழுதியவர் பின்லாந்திலோ போர்ட்லாண்டிலோ இருந்து, பெட்டி வைத்திருப்பவர் நெல்லையில் இருந்தால் பதிவுத்தபாலுக்கு மதிப்பில்லை. இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. மூலநிரல் யாருக்குத் தேவை? எழுதியவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுகிறவர் பெட்டிக்காரர். உரிமமும் "யார் கேட்டாலும்" என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு ஒரு வழக்கு நடக்கிறது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு விஜியோ தொலைக்காட்சிகளைக் கடையில் வாங்கி, 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டி நீதிமன்றத்தில் வாடிக்கையாளராக வழக்குப் போட்டது. பதிப்புரிமைக்காரராகப் போடவில்லை. பணம் கேட்கவில்லை, மூலநிரல்தான் கேட்டது. உரிமம் ஒரு ஒப்பந்தம், அதன் பலன் வாங்குகிறவருக்கென்றே எழுதப்பட்டது, எனவே கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது வாதம். இது பதிப்புரிமை விவகாரம் என்று விஜியோ மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்தது; 2022 மே மாதம் அந்த நீதிமன்றம் மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. ஜெர்மனியில் செபாஸ்டியன் ஸ்டெக் என்ற நிரலாளர் ஏவிஎம் ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதன் முழு மூலநிரலுக்காகவும் அதைத் திரும்ப நிறுவத் தேவையான ஸ்கிரிப்டுகளுக்காகவும் வழக்குப் போட்டார். நிறுவனம் கேட்டதைக் கொடுத்து, அவருடைய வக்கீல் செலவையும் ஏற்றுக்கொண்டது. எனவே அதிலிருந்து தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை.

இங்கே அப்படி ஒரு வழக்கு போட்டால் 1969 தீர்ப்பு குறுக்கே நிற்கும். அதற்கு அண்ணாச்சியே ஒரு வழி சொன்னார். "ஒப்பந்தத்துல நீ ஆளா இல்லங்கதுதான குறை? அப்ப ஆளா ஆயிருடே." வாங்கும்போதே கொள்முதல் ஆணையில் எழுதிவிடு என்றார். இப்போது என் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு ஆணையிலும் ஒரு வரி இருக்கிறது: சாதனத்தில் ஜி.பி.எல். மென்பொருள் இருந்தால், தொகுக்கவும் நிறுவவும் வேண்டிய அனைத்தோடும் முழு மூலநிரலைக் கேட்ட 30 நாளுக்குள் விற்பனையாளர் தர வேண்டும், தவறினால் சாதனத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும்.

டீலர்கள் முதலில் முழித்தார்கள். என்ன சார் புதுசா இருக்கு என்று கேட்டவர் ஒருவர், படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் பலர். ஒருவர் ஆர்டரே வேண்டாம் என்று போய்விட்டார். அவருடைய பெட்டிதான் ஐந்நூறு ரூபாய் மலிவு, மனசு கொஞ்சம் வலித்தது. ஆலையின் பழைய என்விஆரை இணையத்திலிருந்து துண்டித்துத் தனி நெட்வொர்க்கில் போட்டுவிட்டேன், முதலாளி இனி வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்க முடியாது என்பதில் அவருக்கு வருத்தம். அதற்கு மாற்றாக வாங்கிய புதுப் பெட்டிக்கு மூலநிரல் கேட்டிருந்தேன், போன வாரம் ஜிப் கோப்பு ஒன்று வந்திருக்கிறது. கர்னல் இருக்கிறது, பிஸிபாக்ஸ் இருக்கிறது. கர்னலைத் தொகுத்தபோது பயன்படுத்திய அமைவுக் கோப்பும் நிறுவும் ஸ்கிரிப்டும் இல்லை. ஆணையின் அந்த வரியை மேற்கோள் காட்டி நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன்.